நான்காம் நாள் காலை: அயல்நாட்டு வீடுகளில் தங்கிய பண்பாட்டுப் பரிமாற்றக் குழுக்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

ஒரு நாட்டிலிருந்து பத்து இருபது பேர் சேர்ந்து இன்னொரு நாட்டுக்குப் போய், விடுதியில் அறை எடுக்காமல், அந்த ஊர்க்காரர்களின் வீடுகளில் ஆளுக்கொரு வீடாகப் பிரிந்து தங்கி, ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து ஊர் திரும்பும் ஏற்பாட்டுக்கு 90 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. தங்குவதற்குக் கட்டணம் கிடையாது. விருந்தோம்பும் குடும்பத்துக்கும் சம்பளம் கிடையாது. ஏற்காட்டிலும் குடகிலும் ‘ஹோம்ஸ்டே’ என்று பலகை மாட்டி வாடகைக்கு விடும் அறைகளுக்கும் இதற்கும் சொல் ஒன்றே தவிர, வேறு உறவு அதிகமில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு முரண் இருக்கிறது. பயணத்துக்குக் குழு தேவை. சேர்ந்து போனால் செலவு குறையும், உடல்நலம் கெட்டால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும், முதன்முறை கடல் கடப்பவருக்குத் துணிவும் வரும். போன இடத்து மக்களோடு பழக வேண்டும் என்ற நிலை வரும்போது, அதே குழுதான் முதல் தடையாக வந்து நிற்கிறது. நான்கு தமிழர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால், ஐந்தாவதாக வந்து உட்காரும் அயலவர் சிறிது நேரம் புன்னகைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அமெரிக்கர் நால்வரானாலும் நிலைமை வேறல்ல. குழுவாகப் போக வேண்டும், போன பின் குழு கலைய வேண்டும். எப்படிக் கலைப்பது, எவ்வளவு நாள் கலைத்து வைப்பது என்ற கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளை இரண்டு நிகழ்வுகளின் வழியே இங்கே பார்க்கிறேன். ஒன்று 1932, 1933 ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்கள் ஐரோப்பாவுக்கு மேற்கொண்ட பயணம். மற்றது 1977 ஜூலையில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரமும் அமெரிக்காவின் அட்லாண்டா நகரமும் தங்கள் குடிமக்களை மாற்றிக்கொண்ட நிகழ்வு.

1932: மலைமேல் ஒரு தவறு

சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்த டொனால்ட் வாட் என்பவர், வெவ்வேறு நாட்டு இளைஞர்கள் ஒன்றாக வாழ்ந்து பழகினால் நாடுகளுக்கிடையே உள்ள பகைமை குறையும் என்று நம்பினார். முதல் உலகப் போர் முடிந்து 14 ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. 1932 கோடையில் அவர் அமெரிக்க இளைஞர்கள் 23 பேரை அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனார். ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் அவர்கள் ஐரோப்பிய இளைஞர்களோடு சேர்ந்து ஒரே முகாமில் தங்கினார்கள். இந்த முயற்சிக்கு ‘எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்’ என்று அவர் பெயர் வைத்தார். பன்னாட்டு வாழ்க்கையில் ஒரு பரிசோதனை என்பது அதன் பொருள். பரிசோதனை என்று பெயர் வைத்ததில் ஒரு நேர்மை இருந்தது, ஏனென்றால் முதல் ஆண்டு அது அவர் நினைத்தபடி நடக்கவில்லை.

அமெரிக்கர் அமெரிக்கரோடும், மற்ற நாட்டினர் தத்தம் நாட்டினரோடும் சேர்ந்துகொண்டார்கள். இதற்குக் கெட்ட எண்ணம் எதையும் காரணம் காட்ட வேண்டியதில்லை. நாள் முழுவதும் அரைகுறை மொழியில் பேசிக் களைத்தவன், மாலையில் தன் மொழி பேசுகிறவன் பக்கம் போய் உட்காருவது இயல்பு. அதைவிட முக்கியமானது, அந்த முகாம் யாருடைய வீடும் இல்லை என்பது. எல்லாருமே விருந்தினர் என்ற இடத்தில் வரவேற்கிறவர் என்று ஒருவரும் கிடையாது. வரவேற்கிறவர் இல்லாத இடத்தில் ஓர் அயலானிடம் வலியப் போய்ப் பேசும் கடமையும் ஒருவருக்கும் இல்லை.

முகாம் என்ற வடிவமே பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. 1951-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் உளவியலாளர் டோரிஸ் ஆலன் தொடங்கிவைத்த சிஐஎஸ்வி அமைப்பு, பல நாட்டுக் குழந்தைகளை ஒரே முகாமில் சேர்த்துத் தங்கவைக்கும் முறையைத்தான் கையாண்டது; இன்றும் அந்த அமைப்பு இயங்குகிறது. அங்கே வருகிறவர்கள் 11 வயதுப் பிள்ளைகள். ஒரு நாட்டிலிருந்து வருபவர்கள் இரண்டு சிறுவர், இரண்டு சிறுமியர், கூட ஒரு பெரியவர். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சுவர் எழுப்ப முடியாது. 11 வயதில் அதற்கு மனமும் வராது, விளையாடுவதற்குப் பொது மொழியும் தேவையில்லை. வாட் அழைத்துப் போனவர்கள் வளர்ந்த இளைஞர்கள், எண்ணிக்கையிலும் பெரிய கூட்டம். வயதும் தலைக்கணக்கும் சேர்ந்துதான் அந்த மலைமேல் நடந்ததைத் தீர்மானித்தன என்பது என் கணிப்பு.

1933: கதவுக்குள்

அடுத்த ஆண்டிலிருந்து வாட் முறையை மாற்றினார். இளைஞர்களைக் குடும்பங்களோடு தங்கவைத்தார். காலப்போக்கில் அந்த அமைப்பில் நிலைத்த வடிவம் இதுதான்: ஏறத்தாழ பத்துப் பேர் கொண்ட குழு, அதற்கு ஒரு தலைவர், ஒரே ஊரில் ஆளுக்கொரு குடும்பம். சில வாரங்கள் அந்தக் குடும்பத்தின் பிள்ளையைப் போல் வாழ்ந்த பின், ஒவ்வொருவரும் தாம் தங்கிய வீட்டின் மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு வர, எல்லாரும் சேர்ந்து அந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புவார்கள்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முகாமில் கூடிய அதே கலப்புக் கூட்டம் இங்கே மறுபடியும் கூடுகிறது. ஆனால் வீட்டு வாழ்க்கைக்குப் பிறகு கூடுகிறது. இப்போது ஒவ்வொருவருக்கும் எதிர்த் தரப்பில் ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆளோடு பாத்திரம் கழுவியாயிற்று, குளியலறைக்கு முந்திக்கொண்டாயிற்று, அவருடைய அப்பாவின் குறட்டையும் தெரிந்தாயிற்று. சுற்றுலாவை முதலில் வைத்து வீட்டைப் பின்னால் வைக்கும் திட்டங்களும் உண்டு. அவற்றில் பயணிகள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே தங்களுக்குள் இறுகிப்போய், வீட்டில் தங்கும் நாள்களிலும் நண்பனைத் தேடித் தெருவுக்கு ஓடுகிறார்கள். செலவுக் கணக்கில் வித்தியாசமில்லாத இந்த முன்பின் மாற்றம், விளைவில் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

குழுத் தலைவரின் வேலை இந்த வடிவத்தில் விநோதமானது. வழக்கமான சுற்றுலாவில் தலைவர் கூட்டத்தைச் சிதறாமல் மேய்ப்பவர்; இங்கே கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்பவர். வீட்டு நினைவு வந்து அழுகிறவரிடம் போய் உட்கார வேண்டும். ஆனால் அவரை அழைத்துக்கொண்டு இன்னொரு உறுப்பினர் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. இதைச் செய்யத் தெரிந்த தலைவர்கள் கிடைப்பது எளிதன்று.

அந்த ஆரம்ப ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்கள் தங்கிய நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. ஜெர்மன் மொழியில் முன்னிலைக்கு இரண்டு சொற்கள் உண்டு. மரியாதைக்கும் தொலைவுக்கும் ‘ஸீ’, நெருக்கத்துக்கு ‘டூ’. நம்முடைய நீங்களும் நீயும் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த இளைஞனுக்கு இந்த வேறுபாடு இலக்கணப் புத்தகத்தில் ஓர் அட்டவணை. அந்த வீட்டில் அதுவே அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதைக் காட்டும் அளவுகோல். எந்த நாளில் வீட்டுக்கார அம்மாள் ஒரு சொல்லிலிருந்து மற்றச் சொல்லுக்கு நகர்ந்தார் என்று அவனால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். முகாமில் அந்த நாள் வருவதற்கு வழியே இல்லை.

மறைக்கக் கூடாத மறுபக்கமும் இருக்கிறது. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். அந்த ஜெர்மனியின் வீடுகளில்தான் அமெரிக்கப் பிள்ளைகள் மகனாகவும் தம்பியாகவும் வாழ்ந்து திரும்பினார்கள். ஆறு ஆண்டுகளில் போர் மூண்டது. சாப்பாட்டு மேசையில் வளர்ந்த பாசம் அரசுகளின் போக்கைத் திருப்பவில்லை. திருப்பும் என்று எதிர்பார்த்தது வாட் தலைமுறையின் மிகை நம்பிக்கை. ஆனால் தனிமனிதர்களிடம் அது வேலை செய்ததற்குச் சான்று உண்டு. 1934-இல் வாட்டின் திட்டத்தில் ஜெர்மனிக்குப் போனவர்களில் ஒருவர் சார்ஜன்ட் ஷ்ரைவர். 1961-இல் அதிபர் கென்னடி, அமெரிக்கத் தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ‘பீஸ் கோர்’ என்ற அமைதிப் படையைத் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரானவர் அவரே. அந்தப் படையின் தொடக்ககாலத் தொண்டர் குழு ஒன்று வெர்மான்ட் மாநிலத்தின் புட்னி என்ற சிற்றூரில், வாட் தொடங்கிய அமைப்பின் இடத்திலேயே பயிற்சி பெற்றது.

வர்க்கக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். 1932 அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தத்தின் உச்சகட்டம். அந்தக் கோடையில் அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்க முடிந்த இளைஞர்கள் யாருடைய பிள்ளைகளாக இருந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. கூலித் தொழிலாளியும் கடைக்காரரும் இதில் நுழைய இன்னும் 45 ஆண்டுகள் ஆயின.

1977: ஒரு விமானம், இரண்டு நகரங்கள்

ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்தபோது, 1973-இல், பிரேசிலின் பெர்னம்புகோ மாநிலத்தோடு ஒரு குடிமக்கள் பரிமாற்றம் நடந்தது. அதன் பின்னணியில் இருந்தவர் வெய்ன் ஸ்மித். பிரேசிலில் சமயப் பணியாற்றி வந்த, பிரெஸ்பிட்டீரியன் என்ற கிறித்தவத் திருச்சபையின் குரு. கார்ட்டர் அதிபரான சில வாரங்களில், 1977 மார்ச் 1 அன்று, வெள்ளை மாளிகையில் கூடியிருந்த மாநில ஆளுநர்களிடம் ‘ஃபிரெண்ட்ஷிப் ஃபோர்ஸ்’ (நட்புப் படை) என்ற குடிமக்கள் பரிமாற்றத் திட்டத்தை அறிவித்தார். அதன் கௌரவத் தலைவர் பொறுப்பை அவர் மனைவி ரோசலின் ஏற்றார். மே மாதம் லண்டன் பொருளாதார மாநாட்டுக்காகப் பிரிட்டனுக்குப் போன கார்ட்டர், 6-ஆம் தேதி வடகிழக்கே நியூகாசிலுக்குச் சென்று, உள்ளூர்க் கால்பந்து ரசிகர்களின் முழக்கமான ‘ஹவே த லேட்ஸ்’ என்பதைச் சொல்லிக் கூட்டத்தை ஆரவாரிக்க வைத்தார். ஜூலை 5 அன்று முதல் பரிமாற்றம் நடந்தது. நியூகாசிலுக்கும் அட்லாண்டாவுக்கும் இடையே பயணம் செய்தவர்கள் மொத்தம் 762 பேர்.

இந்த எண்ணிக்கையைச் சாத்தியமாக்கியது விமானக் கணக்கு. வாடகைக்கு எடுக்கும் விமானம் ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பினால், வெறும் இருக்கைகளின் செலவும் பயணிகள் தலையில்தான் விழும். இங்கே வந்தவர்களை இறக்கிய விமானமே இந்த ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போகிறது. தங்குமிடமும் இலவசம் என்பதால், வாழ்நாளில் வெளிநாடு போக நினைத்திராத குடும்பங்களும் விண்ணப்பிக்க முடிந்தது. பிரிட்டன் 1976-இல்தான் நாணய நெருக்கடியில் சிக்கிப் பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடன் வாங்கியிருந்தது. வெளிநாட்டுக்குப் பணம் எடுத்துச் செல்வதற்கு இருந்த கட்டுப்பாடு 1979 வரை நீடித்தது. கப்பல் கட்டும் தொழிலும் நிலக்கரியும் தேய்ந்துகொண்டிருந்த டைன் ஆற்றங்கரை ஊரான நியூகாசிலிலிருந்து அட்லாண்டாவுக்குப் போவதற்கு இப்படி ஒரு வழி திறந்தது சிறிய விஷயமில்லை. அன்று பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்காவுக்குப் போக விசா வாங்கியாக வேண்டும். விசா விலக்கு 1988-இல்தான் வந்தது. சென்னையில் விசா நேர்காணலுக்கு வரிசையில் நின்ற அனுபவமுள்ள வாசகர்களுக்கு ஒன்று உடனே விளங்கியிருக்கும்: இரு திசையிலும் விமானம் நிரம்ப வேண்டும் என்ற இந்தத் திட்டம், இரு அரசுகளும் கதவைத் திறந்தால் மட்டுமே பறக்கும். அன்று திட்டத்துக்குப் பின்னால் ஓர் அதிபரே நின்றிருந்தார்.

இரண்டு நகரங்களையும் இணைக்கும் ஓர் இழை முன்பே இருந்தது. அட்லாண்டாவில் பிறந்த மார்ட்டின் லூதர் கிங்குக்கு 1967 நவம்பரில் நியூகாசில் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அவர் உயிரோடு இருந்தபோது அப்படிக் கௌரவித்த பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் அது ஒன்றே. இதைத் தவிர ஒற்றுமைகள் குறைவு. கார் இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாத, குளிர்சாதனம் ஓடாமல் ஜூலையைக் கடக்க முடியாத ஊர் அட்லாண்டா. நியூகாசிலின் ஜூலையில் மாலைக்குக் கம்பளிச் சட்டை வேண்டியிருக்கும். வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும்.

மொழி ஒன்றே என்பதால் சிக்கல் இல்லை என்று நினைத்தால் அது தவறு. ‘டீ’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நியூகாசில் வீட்டில் ‘டீக்கு வாருங்கள்’ என்றால் மாலை உணவுக்கு வாருங்கள் என்று பொருள்; இறைச்சியும் உருளைக்கிழங்கும் மேசைக்கு வரும். ஜார்ஜியாவில் டீ என்றால் பனிக்கட்டி போட்ட இனிப்பான குளிர்பானம். ஒரு கோப்பை தேநீர்தானே என்று மதியமே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகும் விருந்தாளியின் நிலையைக் கற்பனை செய்துகொள்ளலாம். முற்றிலும் வேறு மொழி என்றால் இருவரும் எச்சரிக்கையாக இருப்பார்கள், சைகையாலாவது உறுதி செய்துகொள்வார்கள். ஒரே சொல் இரு பொருள் தரும் இடத்தில் இருவருமே புரிந்துவிட்டது என்று நம்பிக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கோ கோலாலம்பூருக்கோ போய் உறவினர் வீட்டில் தங்கிய தமிழ்நாட்டவருக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

நூற்றுக்கணக்கானோரை ஒரே நாளில் இறக்கும் அந்த முறை நிலைக்கவில்லை. இன்று அந்த அமைப்பின் குழுக்களில் பெரும்பாலும் இருபது பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அத்தனை வீடுகளை ஒரே நேரத்தில் தேடிப் பொருத்துவதில் உள்ள பாடு ஒரு காரணமாக இருந்திருக்கும். பொருத்தம் பார்ப்பது கல்யாணத் தரகர் வேலைக்குச் சற்றும் குறைந்ததல்ல. நாய்க்குப் பயப்படுகிறவர், மாடிப்படி ஏற முடியாதவர், சைவம் சாப்பிடுகிறவர், புகை பிடிக்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஒரு பொருத்தம் தவறினாலும் அந்த வாரம் முழுவதும் ஒருங்கிணைப்பாளருக்குத் தூக்கம் இருக்காது.

மூன்று நாள் கணக்கு

‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று நம்மிடம் வழங்கும் பழமொழியை, இத்தகைய திட்டங்களை வகுப்பவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வடிவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மூன்று நாளுக்கு மேல் ஒரு குடும்பத்தால் விருந்தாகச் சமைக்கவும், சிரிக்கவும், ஊர் சுற்றிக் காட்டவும் முடியாது. அதற்கு மூன்று விதமான தீர்வுகள் நடைமுறையில் உள்ளன.

ஃபிரெண்ட்ஷிப் ஃபோர்ஸ் சுமையைப் பகிர்ந்தது. தங்கும் வீடு ஒன்று. பகலில் ஊர் சுற்றிக் காட்ட வேறொருவர். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு இன்னொரு வீடு. படுக்கை கொடுத்த குடும்பத்துக்கு அந்த மாலை ஓய்வு கிடைக்கிறது. விருந்தினருக்கும் வேறொரு வீட்டின் உள்புறம் காணக் கிடைக்கிறது. ரோட்டரி அறக்கட்டளை 1965 முதல் 2013 வரை நடத்திய ‘குரூப் ஸ்டடி எக்ஸ்சேஞ்ச்’ வீடுகளை மாற்றிக்கொண்டே போனது. ஒரு ரோட்டரி உறுப்பினர் தலைமையில், உறுப்பினரல்லாத இளம் தொழில்வல்லுநர் சிலர், நான்கு முதல் ஆறு வாரம், ஒரு மாவட்டத்தின் பல ஊர்கள் வழியே போவார்கள். தத்தம் தொழில் அங்கே எப்படி நடக்கிறது என்று பார்ப்பது அந்தத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்பதால் இடம்பெயர்தல் அதற்குப் பொருத்தமானதே. தமிழ்நாட்டின் பல ஊர்களில் வெள்ளைக்கார விருந்தாளி ஒருவர் டாக்டர் வீட்டிலோ மில் முதலாளி வீட்டிலோ சில நாள் தங்கிய கதை இப்படி வந்ததுதான். மூன்றாவது, வாட் கண்ட வழி: மூன்று நாளைத் தாண்டியும் விருந்தினரை அதே வீட்டிலேயே விட்டுவிடுவது. உபசாரம் தீர்ந்துபோகும், தீரட்டும்.

மூன்றாவது வழியையே நான் ஆதரிக்கிறேன். அதற்கான காரணம் எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. இங்கே சொன்ன அமைப்புகள் எதையும் சாராத ஒரு பரிமாற்றக் குழுவோடு வந்த ஐரோப்பிய ஆசிரியை ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் தங்கினார். முதல் மூன்று நாள்கள் என் அம்மா சாம்பாரில் மிளகாய் கிள்ளவில்லை. புதிய படுக்கை விரிப்பு வாங்கினார், பேக்கரியிலிருந்து ரொட்டி வரவழைத்தார், விருந்தினர் நகர்ந்த பக்கமெல்லாம் மின்விசிறியைத் திருப்பிவைத்தார். அவரிடம் நேராக ஒரு சொல்லும் பேசவில்லை. ‘அவங்களுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு’, ‘அவங்களக் குளிக்கச் சொல்லு’ என்று எல்லாமே என் வழியாகத்தான் போயிற்று.

நான்காம் நாள் காலை சமைத்துக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் தீர்ந்துவிட்டது. அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு புதிய சிலிண்டரை உருட்டி வந்தார். மூன்று நாளாக வேட்டியும் சட்டையுமாகவே இருந்தவர், கூடத்தில் விருந்தாளி நிற்பதைக்கூடக் கவனிக்கவில்லை. அந்த அம்மையார் அடுக்களைக்குள் வந்து, அரிவாள்மனை எதிரே தரையில் சம்மணமிட முயன்று, முடியாமல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, காய் நறுக்கக் கையை நீட்டினார். அம்மா அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு தட்டில் பூண்டைக் கொட்டி அவர் முன்னால் தள்ளினார். ‘இந்தா, இத உரி’ என்றார். தமிழில், நேராக, ஒருமையில். அவர் உரிக்கத் தொடங்கினார். அன்று மிளகாயோடு துவையல் அரைத்ததை அம்மா கவனிக்கவுமில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. ஒரு வீட்டுக்கு மூன்று இரவு என்பது அவர்களுடைய அட்டவணை. அடுத்த ஊரில் இன்னொரு குடும்பம் புதிய படுக்கை விரிப்போடு காத்திருந்தது. மீதிப் பூண்டை அம்மாதான் உரித்து முடித்தார்.